அம்மாகிட்டச் சொல்லாதே

அப்பாக்களில் நல்லவர் உண்டு, பொல்லாதவர் உண்டு. இவர்களைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். அந்தப் பக்கம் நான் போகவில்லை. நான் சொல்ல வந்தது மூன்றாவது இனம். நல்ல பேர் எடுக்கிற அப்பா. வீட்டில் யாராவது ஒருவர் 'கூடாது' என்று சொல்லித்தான் ஆகவேண்டும் என்பது அவருக்கும் தெரியும். அந்த ஒருவர் தாமாக இருந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் வெகு உறுதியாக இருப்பார். வேறு எதிலும் அவருக்கு உறுதி கிடையாது.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து சாக்லேட் காகிதம் பிரிபடும் சத்தமும், வாய் நிறைய எதையோ அடைத்துக்கொண்டு ஒரு குழந்தை சிரிக்கும் சத்தமும், அதையடுத்து 'உஷ், அம்மாகிட்டச் சொல்லாதே' என்று ஓர் ஆண் குரலும் கேட்டால், உள்ளே இருப்பவர் அவர்தான். குழந்தை வளர்ப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்தது முழுவதும் அந்த இரண்டு சொற்களில் அடக்கம்.

எனக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறார். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். எனக்கும் அவர்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். வண்டிக்குள் அவர் புலி. படிக்க வந்தவர் வங்கி மேலாளராக இருக்கட்டும், கல்லூரிப் பெண்ணாக இருக்கட்டும், பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினால் போதும். தம் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தி நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, "எதுக்கு நிறுத்தினேன்னு சொல்லுங்க, அப்புறம் போகலாம்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பின்னால் பத்து வண்டிகள் ஹாரன் அடிக்கும். அசைய மாட்டார். ஒரே தப்புக்கு ஒரே தண்டனை. முதல் நாளும் அதேதான், முப்பதாம் நாளும் அதேதான். அப்பேர்ப்பட்டவர் மாலை ஆறு மணிக்கு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது முதுகெலும்பையும் சேர்த்துக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

உள்ளே ஜட்ஜம்மா இருப்பாள். ஒரே மகள், பத்து வயது. மூன்று வயதில், வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவரை ஏற இறங்கப் பார்த்து, "நீ நல்லா இல்லே, போ" என்று அவள் தீர்ப்புச் சொன்ன அன்றைக்கு மாஸ்டர் சூட்டிய பட்டம் அது. அன்று எல்லாரும் சிரித்தார்கள், விருந்தாளி உட்பட. பத்து வயதிலும் ஜட்ஜம்மா அதே மாதிரிதான் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். சிரிப்பவர் மட்டும் ஒரே ஒருவராகக் குறைந்துபோயிருந்தார்.

மாஸ்டரின் மனைவி ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறார். நாளெல்லாம் பயந்தவர்களின் கைகளைப் பிடித்து நரம்பு தேடுகிறவர். ஆகவே சத்தம் போட்டுப் பேசும் பழக்கமே இல்லாதவர். ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூடப் பையை வீட்டுக் கூடத்தின் நடுவிலிருந்து எடுத்து வைக்கும்படி மகளிடம் சொன்னார். மகள் கையிலிருந்த டேப் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உனக்கு வேற வேலையே இல்லையா? வாயை மூடு."

அம்மா அடிக்கவில்லை, கத்தவில்லை. டேப்பை அவள் கையிலிருந்து வாங்கி, நாற்காலி போட்டு ஏறி அலமாரி மேல் வைத்தார். "அம்மாகிட்ட இப்படிப் பேசினா நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இது கிடையாது. போன வாரமும் இதையேதான் சொன்னேன்" என்றார். அதோடு முடிந்தது. குளிக்கப் போய்விட்டார்.

மாஸ்டர் அதுவரை பேப்பருக்குப் பின்னால் இருந்தார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் பேப்பர் இறங்கியது. நாற்காலி நகர்ந்தது. அலமாரி மேலிருந்து டேப் இறங்கி, ஜட்ஜம்மாவின் மடிக்கு வந்து சேர்ந்தது. இரண்டு சொற்களும் ரகசியக் குரலில் ஓதப்பட்டன. குழந்தை நெகிழ்ந்துபோயிருக்கும், அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறீர்களா?

"சார்ஜே இல்லே. இதைப் போய்க் கொடுக்கறே" என்றாள்.

மாஸ்டர் ஓடிப்போய் சார்ஜர் கொண்டுவந்தார்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த மனைவி பார்த்தார். "என்னங்க, நான் எடுத்து வைச்சதை எதுக்கு எடுத்துக் கொடுத்தீங்க?"

"குழந்தைதானே. இதுக்குப் போய் இவ்வளவு கண்டிப்பா?"

"நேத்து உங்களை லூசுன்னா. அது காதுல விழுந்துதா?"

"பாசத்துல சொல்றா. எங்களுக்குள்ள அப்படித்தான்."

இந்த இனத்து அப்பாக்கள் எல்லாருமே கைதேர்ந்த அகராதிக்காரர்கள். குழந்தை 'போடா' என்றால் தோழமை என்று பொருள். 'வாயை மூடு' என்றால் தைரியம். கதவை அறைந்தால் தன்மானம். வீட்டுக்கு வந்த பெரியவரைப் பார்த்து 'இவர் எப்பப் போவாரு?' என்று கேட்டால் அது வெள்ளை மனசு. இவ்வளவுக்கும் பொருள் கண்டவருக்கு, மனைவி சொல்லும் 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் பொருளே கிடைக்காது. யாராவது வந்தால், "எங்க வீட்டு போலீஸ் ஸ்டேஷன்" என்று மனைவியைக் கைகாட்டிச் சிரிப்பார். குழந்தையும் கூடச் சிரிக்கும். வாரா வாரம் ஏழு வருஷம் இந்த நகைச்சுவையைக் கேட்டுக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. மாஸ்டர் பார்க்க வேண்டிய கண்ணாடி அங்கே எதுவும் பொருத்தியிருக்கவில்லை போலிருக்கிறது.

இப்படி இருக்கும்போது மனைவிக்கு ஒரு வாய்ப்பு வந்தது. அவர் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில் மேற்பார்வையாளர் இடம் காலியானது. பத்து நாள் வெளியூரில் பயிற்சி; முழுசாக முடித்தவர்களுக்குத்தான் அந்தப் பதவி. பத்து வருஷமாக அவர் காத்திருந்தது. பெட்டியை மூடிவிட்டு அவர் மாஸ்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவகிட்ட ஒண்ணை வேண்டாம்னு சொன்னா, கடைசி வரைக்கும் வேண்டாம்னே வைச்சுக்கங்க. அதுக்கு முடியாதுன்னா வேண்டாம்னே சொல்லாதீங்க. பத்து நாள்தான்."

"நீ கவலையே படாதே. நாங்க ரெண்டு பேரும் ஃபிரண்ட்ஸ்" என்றார் மாஸ்டர்.

முதல் மூன்று நாள் அந்த வீட்டில் ராஜ்யம் கைமாறிய கொண்டாட்டம். வீட்டுப்பாடம் கிடையாது. குளியல் அவரவர் விருப்பம். சாப்பாட்டுத் தட்டு சோபாவுக்கு வந்தது, சோபாவிலேயே தங்கியது. மாஸ்டர் சந்தோஷத்தில் மிதந்தார். நாலாம் நாள்தான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. நல்லவராக இருப்பதற்குப் பக்கத்தில் ஒரு பொல்லாதவர் தேவை; அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஜட்ஜம்மாவின் கோர்ட்டிலோ நாள் தவறாமல் விசாரணை நடந்தாக வேண்டும். கூண்டில் நிற்க ஓர் ஆள்தான் மிச்சம்.

"இதை யாரு சாப்பிடுவா? உனக்கு மூளையே கிடையாதா?"

மாஸ்டர் சிரித்தார்.

"சிரிக்காதே. அசிங்கமா இருக்கு."

மாஸ்டர் சிரிப்பை நிறுத்தினார். அகராதியைப் புரட்டினார். பாசம், தைரியம், தன்மானம், வெள்ளை மனசு எல்லாம் இருந்தன, எதுவும் பொருந்தவில்லை.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டதால் மகளை வண்டியின் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு பாடம் நடத்தப் போனார். அன்று ஓட்டியவர் ஒரு தையல்காரம்மா. ஐம்பது தாண்டியவர், தைத்த துணிகளைக் கடைகளுக்குத் தாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று அந்த வயதில் கற்றுக்கொள்ள வந்தவர். சிக்னலில் வண்டி இரண்டு முறை அணைந்துபோனது. பின்சீட்டிலிருந்து தீர்ப்பு வந்தது.

"அப்பா, இந்த ஆன்ட்டி லூசா? எத்தனை தடவைதான் சொல்லிக் கொடுப்பே? இவங்கல்லாம் எதுக்கு வண்டி ஓட்ட வராங்க?"

மாஸ்டர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "குழந்தை, மனசுல பட்டதைச் சொல்லிடும். தப்பா எடுத்துக்காதீங்கம்மா."

தையல்காரம்மா சிக்னலைத் தாண்டினார். கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டரைப் போட்டார், ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, கைபிரேக்கை இழுத்தார். அதுவரை அவ்வளவு சுத்தமாக அவர் செய்ததே இல்லை.

"மாஸ்டர், நேத்து நான் கண்ணாடி பார்க்கலேன்னு நடுரோட்டுல நிறுத்தினீங்க. என் வயசைப் பார்க்கலே. எனக்குக் கோவம் வரலே. அப்பத்தான் ஒழுங்கா வரும்னு நினைச்சேன். இப்ப உங்க பொண்ணு பேசறப்ப மட்டும் எதுக்குப் பிரேக்கை விட்டுக் காலைத் தூக்கி மேல வைச்சுக்கிட்டீங்க?"

கதவைத் திறந்து இறங்கினார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நடைபாதையில் வந்த வழியே நடக்க ஆரம்பித்தார். அவருடைய தையல் கடைக்கு இரண்டு மைல் இருக்கும்.

"நல்லதாப் போச்சு" என்றாள் ஜட்ஜம்மா.

மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய முன்னேற்றம் என்று எண்ணிவிடாதீர்கள். சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஓட்டுநர் சீட்டுக்கு மாறி உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து, நேரே மாடிப்படியில் நின்று மனைவிக்குப் போன் போட்டார். இந்த இனத்துக்குச் சங்கடம் வந்தால் செய்கிற முதல் காரியம் அதுதான். பொல்லாதவரைக் கூப்பிடுவது.

"நீ அவகிட்ட நல்லா நாலு வார்த்தை கேளேன். ஸ்பீக்கர்ல போடறேன்."

"நீங்க கேட்டீங்களா?"

"நான் சொன்னா மதிக்க மாட்டேங்கறா."

"நான் சொன்னா மட்டும் மதிச்சாளா? மதிக்க வேண்டிய நேரத்துல எல்லாம் நீங்க நாற்காலி போட்டு ஏறினீங்க."

"சரி, நடந்தது நடந்துபோச்சு. ரெண்டு நாள் லீவு சொல்லிட்டு வந்துடேன். பயிற்சிக்காரங்ககிட்ட ஏதாவது காரணம் சொல்லிக்கலாம்."

மனைவி நிதானமாகச் சொன்னார். "வந்தா அந்த இடம் வேற ஆளுக்குப் போயிடும். வர மாட்டேன். அவகிட்ட நான் தினமும் பேசத்தான் போறேன். ஆனா நீங்க திட்ட வேண்டியதை உங்களுக்காக நான் திட்ட மாட்டேன்."

எட்டாம் நாள் காலையில் ஜட்ஜம்மாவுக்குக் கன்னம் வீங்கியிருந்தது. விழ வேண்டிய கடைவாய்ப் பால்பல் விழாமல் ஈறு சீழ் கட்டிவிட்டது. பல் மருத்துவர் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம் என்றார். சாய்ந்த நாற்காலியில் படுத்திருந்த ஜட்ஜம்மா வாயை இறுக மூடிக்கொண்டாள். பத்து வயது என்பது எவ்வளவு சின்ன வயது என்று அந்த நாற்காலியில்தான் தெரிந்தது. கால் நாற்காலியின் முனையை எட்டவில்லை.

மாஸ்டர் குனிந்து தலையைத் தடவினார். "வலிக்கவே வலிக்காதுடா. அப்பா சொல்றேன்ல?"

"நீ சும்மா சொல்லுவே."

"சத்தியமா."

"நீ எல்லாமே சும்மாதான் சொல்லுவே. முந்தாநாள் டேப் கிடையாதுன்னு சொன்னே, கொடுத்தே. சாப்பிட்டுத்தான் எழுந்திருக்கணும்னே, எழுந்து போனேன், ஒண்ணும் சொல்லலே. இப்ப வலிக்காதுங்கறே." அவள் குரலில் திமிர் இல்லை. நிஜமாகவே யோசித்துச் சொன்னாள். "அம்மாகிட்டக் கேக்கணும்."

மருத்துவர் தட்டில் இருந்த கருவிகளை அவசியமில்லாமல் ஒருமுறை அடுக்கினார். மாஸ்டர் போன் போட்டுக் கொடுத்தார். பயிற்சியின் இடைவேளையில் இருந்த அம்மா எடுத்தார்.

"அம்மா, பல்லு எடுத்தா வலிக்குமா?"

"வலிக்கும். ஊசி குத்தும்போது கொஞ்சம் வலிக்கும். மெதுவாப் பத்து எண்ணு, அதுக்குள்ள மரத்துடும். அப்புறம் இழுக்கற மாதிரி இருக்கும், வலி இருக்காது. சாயங்காலம் மறுபடி லேசா வலிக்கும், அதுக்கு மாத்திரை கொடுப்பாங்க."

"நிஜமா?"

"நான் உன்கிட்ட எப்பவாவது பொய் சொல்லியிருக்கேனா?"

ஜட்ஜம்மா யோசித்தாள். பழைய வழக்குகளையெல்லாம் புரட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு வாயைத் திறந்தாள். கண்ணோரம் தண்ணீர் வழிய, விரல்விட்டுப் பத்து எண்ணினாள். ஏழிலேயே மரத்துவிட்டது.

மாஸ்டர் அவளுடைய செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். இந்த இடத்தில் அவருக்காக நான் கொஞ்சம் இரக்கப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏழு வருஷமாகக் கேட்டதையெல்லாம் கொடுத்தவர். ஒரு முறையும் அழவிட்டதில்லை. அவளுக்கு நிஜமாகவே ஒன்று தேவைப்பட்ட அன்று, அதைக் கொடுக்க அவரிடம் இருந்தது ஒரு போன் மட்டும்தான். அதையும் அவள் அம்மாவின் எண்ணைப் போட்டு நீட்ட வேண்டியிருந்தது. அவருடைய 'கூடாது'க்கு இல்லாத மதிப்பு அவருடைய 'வலிக்காது'க்கு மட்டும் எங்கிருந்து வரும்?

அன்று மாலை ஜட்ஜம்மா வாயில் பஞ்சோடு சோபாவில் கிடந்தாள். மாஸ்டர் தண்ணீர் கொண்டுவந்தார்.

"சூடா இருக்கு, லூசு."

மாஸ்டர் தம்ளரை மேஜை மேல் வைத்தார். டேப்பை எடுத்தார். நாற்காலி போட்டு ஏறி அலமாரி மேல் வைத்தார். "அப்பாகிட்ட இப்படிப் பேசினா நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் கிடையாது" என்றார். வசனம் அவருடையது இல்லை. ஆனால் சொல்லிவிட்டார்.

அதன்பின் ஒரு மணி நேரம் நடந்ததை அவரே என்னிடம் சொன்னார். முதலில் அழுகை. பிறகு வயிற்றுவலி. பிறகு, "அம்மாவே பரவாயில்லே." அதற்கும் அவர் அசையவில்லை என்றதும், "எனக்கு உன்னைப் பிடிக்கலே." இந்த ஒரு வாக்கியம் காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான் அவர் அத்தனை வருஷமும் அலமாரி ஏறி இறங்கியிருந்தார். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினார். இரண்டு தடவை கூடத்துக்கு வந்து, டேப்பை இறக்க நாற்காலியைத் தொட்டாராம். இரண்டு தடவையும் கையை எடுத்துக்கொண்டாராம். பிறகு கூடம் அமைதியானது. கொஞ்ச நேரத்தில் ஜட்ஜம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"பசிக்குது" என்றாள்.

அவ்வளவுதான். இதற்குத்தான் ஏழு வருஷம் பயந்திருந்தார் மனிதர்.

மறுநாள் அவளைத் தையல்காரம்மாவின் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜட்ஜம்மா வாசலிலேயே நின்றாள், தரையைப் பார்த்தாள், கால்மணி நேரம் பட்டன் டப்பாவைப் பார்த்தாள். மாஸ்டர் சமாதானம் சொல்லவில்லை, அவளுக்காகப் பேசவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சாரி" என்றாள் கடைசியில்.

"எதுக்கு?" என்றார் தையல்காரம்மா, தையலை நிறுத்தாமல்.

"உங்களை லூசுன்னு சொன்னேன். அதுக்கு."

"சரி." மெஷின் இன்னொரு வரிசை ஓடி முடிந்தது. "நாளைக்கு நாலு மணிக்கு வரேன் மாஸ்டர்."

மனைவி பதவியோடு திரும்பி வந்தார். இப்போது அந்த வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பெரும்பாலும் ஒரே பேச்சுத்தான். ஜட்ஜம்மா திருந்திவிட்டாளா என்று கேட்காதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பேரிடமும் மாறி மாறி மேல்முறையீடு செய்து பார்க்கிறாள். இரண்டு இடத்திலும் ஒரே பதில் வந்ததும் பையை எடுத்து வைக்கிறாள். மாஸ்டரைத்தான் தாங்க முடியவில்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களையெல்லாம் சிக்னலில் பிடித்துவைத்துக்கொண்டு, "குழந்தை வளர்ப்புல என்ன முக்கியம் தெரியுமா? ஒண்ணு சொன்னா அதுல நிக்கணும். நான் கண்டுபிடிச்சது" என்று ஆரம்பிக்கிறார். அவர் மனைவியும் ஒரு நாள் அதைக் கேட்டுக்கொண்டு பின்சீட்டில் இருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீங்களும் இதுவரை மாஸ்டரைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் நினைவுக்கு வந்திருப்பார். இதை அவருக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கும். படித்துக்காட்டுங்கள். அதற்கு முன்னால் ஒன்று. உங்கள் குழந்தைக்கு ஏதாவது வேண்டுமென்றால் முதலில் யாரிடம் வருகிறது? உங்களிடம்தானே? எனக்குத் தெரியும், அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் ஒரு பெருமை வந்திருக்கும். பயந்துபோனால் அது யாரிடம் போகிறது என்பதையும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.